லைட்டு எரியறதுக்குள்ள

அப்பா: ...அதெல்லாம் சரிம்மா. இந்தப் புது ஹெட்லைட்டக் கார்ல மாட்டினா எதிர்ல வர்றவன் என்னத் திட்டுவானா மாட்டானா, அத மட்டும் சொல்லுங்க.

ஸ்பேனர்: திட்ட மாட்டான் சார்.

அப்பா: போன வாரம் ஒருத்தன் எதிர்ல வந்தான். அவன் போட்டிருந்த வெளிச்சத்துல என் எலும்பே வெளிய தெரிஞ்சிருக்கும். அவன் பரம்பரையையே இழுத்துத் திட்டினேன். இப்ப அதே சாமான என் வண்டியில மாட்டச் சொல்றீங்க.

ஸ்பேனர்: மாட்டச் சொன்னது நீங்க சார். டப்பாவ வாங்கி வெச்சுட்டு ஆள் அனுப்பினீங்க.

அப்பா: ம்... அதுவும் வாஸ்தவம்தான்.

ஸ்பேனர்: அவன் வெறும் பல்ப மட்டும் மாத்தியிருப்பான். பழைய கூண்டுக்குள்ள புது பல்பச் செருகினா வெளிச்சம் கன்னாபின்னான்னு சிதறும். நீங்க வாங்கினது முழு செட்டு. இங்க பாருங்க, உள்ள முட்டைக்கண்ணு மாதிரி ஒரு லென்ஸ் இருக்கா? இது வெளிச்சத்த நறுக்குனு வெட்டி ரோட்டுல மட்டும் போடும். மேல ஏற விடாது.

அப்பா: அட, ஆமா. முழிச்சு முழிச்சுப் பாக்குது. எங்க பெரியப்பா மாதிரி.

மகன்: அப்பா... அவங்கள வேலை செய்ய விடுங்கப்பா.

அப்பா: நான் என்ன குறுக்கயா படுத்துக்கிட்டேன்? ரெண்டு கேள்வி கேட்டேன். ஆமா, உனக்கு ஏன் இப்படி வேர்க்குது?

மகன்: எனக்கா? வேர்க்கலையே.

அப்பா: அப்ப ஷெட்டு ஒழுகுது போல. ஏம்மா, உங்க பேரே ஸ்பேனர்தானா?

ஸ்பேனர்: ஒர்க் ஷாப்புல வெச்ச பேரு சார். இப்ப வீட்லயும் அதுதான். எங்கம்மாவுக்குக் கோபம் வந்தா மட்டும் முழுப் பேரு வரும்.

அப்பா: இவன் பைக்குக்கும் நீங்கதான் சர்வீஸாமே?

ஸ்பேனர்: ஆமா சார்.

அப்பா: வாராவாரம் சர்வீஸுக்குப் போற பைக்க நான் வேற எங்கயும் பாத்ததில்ல. அப்படி என்ன வியாதி அதுக்கு?

ஸ்பேனர்: செயின் லூசு சார்.

மகன்: பிரேக்குப்பா.

அப்பா: செயினா, பிரேக்கா?

மகன்: ரெண்டும்...

ஸ்பேனர்: ரெண்டும் சார். மாத்தி மாத்தி வரும்.

அப்பா: பாவம். நோஞ்சான் வண்டி.

ஸ்பேனர்: சார், கழட்டறதுக்கு முன்னாடி பழைய லைட்ட ஒரு தடவ போடுங்களேன். எதிர்ச் சுவத்துல வெளிச்சம் எந்த உயரத்துல விழுதுன்னு பாத்து டேப் ஒட்டிக்கணும். புதுசும் அந்தக் கோட்டத் தாண்டக் கூடாது. தாண்டினாத்தான் எதிர்ல வர்றவன் உங்க பரம்பரைய இழுப்பான்.

அப்பா: அதான் எரியலையே. எரிஞ்சா உங்கள ஏன் கூப்பிடப் போறேன்?

ஸ்பேனர்: ரெண்டுமா?

அப்பா: ரெண்டும்.

ஸ்பேனர்: ஒரே நாள்லயா?

அப்பா: ஆமா... புருஷன் பொண்டாட்டி மாதிரி. ஒண்ணு போனதும் இன்னொண்ணுக்கு மனசு கேக்கல போல.

ஸ்பேனர்: ஓ... எங்க, ஒரு தடவ ஹாரன் அடிங்க.

அப்பா: லைட்டுக்கும் ஹாரனுக்கும் என்னம்மா சம்பந்தம்?

ஸ்பேனர்: சும்மா. பேட்டரி எப்படி இருக்குன்னு பாக்கத்தான்.

அப்பா: அதுவும் அப்படித்தான்... கொஞ்ச நாளா தொண்டை கட்டியிருக்கு.

ஸ்பேனர்: ஓஹோ.

மகன்: என்ன ஓஹோ?

ஸ்பேனர்: ஒண்ணும் இல்ல. பேட்டரி பக்கத்துல இந்தக் கறுப்பு டப்பா... இத ஒரு நிமிஷம் திறந்து பாத்துடறேன்.

அப்பா: அதுல என்ன இருக்கப் போகுது? தூசிதான் இருக்கும்.

ஸ்பேனர்: ம்... ஆமா சார். மூடிட்டேன். பரவாயில்ல, தரையிலேர்ந்து லைட்டு உயரத்த அளந்து டேப் ஒட்டிக்கறேன். எதிர் வீட்டுச் சுவத்துல ஒட்டினா அவங்க ஒண்ணும் சொல்ல மாட்டாங்கல்ல?

அப்பா: ஒட்டுங்க. அவங்க சுண்ணாம்பு அடிச்சே எத்தனையோ வருஷம் ஆகுது. டேப்பாவது புதுசா இருக்கட்டும். சரி, நான் போய் டீ போட்டு எடுத்துட்டு வரேன். டேய், அவங்களுக்கு டார்ச் பிடி. ஒழுங்காப் பிடி! ஏம்மா, இவனுக்கும் இவங்கம்மாவுக்கும் டார்ச் பிடிக்கவே வராது. நான் ஒரு இடத்துல குனிஞ்சா வெளிச்சம் வேற ஊர்ல நிக்கும்.

மகன்: போங்கப்பா...

ஸ்பேனர்: ...போயிட்டாரா?

மகன்: போயிட்டாரு. சமையக்கட்டு லைட்டு எரியுது.

ஸ்பேனர்: சொன்னியா?

மகன்: எத?

ஸ்பேனர்: எதயா? அந்தப் பெரிய ஸ்பேனர எடுத்துக் குடு. உன் மண்டையில போட.

மகன்: ஷ்ஷ்... மெதுவாப் பேசு. நான்தான் பிளான் போட்டேன்ல? அப்பா "லைட்டு மாட்ட உனக்குத் தெரிஞ்ச ஆள் யாராவது இருக்காங்களா"ன்னு கேட்ட உடனே டக்குனு உன் பேரச் சொன்னேன். அதுக்கு எவ்ளோ தைரியம் வேணும் தெரியுமா?

ஸ்பேனர்: "தெரிஞ்ச மெக்கானிக்"னு சொன்ன. "நான் கட்டிக்கப் போற பொண்ணு"ன்னு சொல்லல.

மகன்: முதல் படி அதுதானே?

ஸ்பேனர்: நீ முதல் படியிலேயே பாய விரிச்சுப் படுத்துட்டடா. எங்க வீட்ல நான் சொல்லி எத்தனை நாள் ஆச்சு? எங்கப்பா என்ன சொன்னாரு? "எனக்கு ஒண்ணும் இல்லம்மா, பையன் வீட்லேர்ந்து ஒரு போன் வரட்டும்." அவ்ளோதான். அன்னிலேர்ந்து அந்த மனுஷன் குளிக்கப் போனாலும் போன ஜன்னல்ல வெச்சுக்கிட்டுத்தான் குளிக்கறாரு. நேத்து ஒரு ராங் நம்பர் வந்துச்சு. எடுத்த உடனே "வணக்கம் சம்பந்தி"ன்னு ஆரம்பிச்சுட்டாரு.

மகன்: அய்யோ... அந்த ஆள் என்ன சொன்னான்?

ஸ்பேனர்: சிலிண்டர் எப்ப வரும்னு கேட்டான். சிரிக்காத! டார்ச்சு ஆடுது.

மகன்: சிரிக்கல, பயத்துல ஆடுது. உனக்கு எங்கப்பாவத் தெரியாது. கத்தினாக்கூடப் பரவாயில்ல. கிண்டல் பண்ணுவாரு. நான் பரீட்சையில ஃபெயில் ஆனப்ப மார்க் ஷீட்டுக்கு ஃபிரேம் போடட்டுமான்னு கேட்டவரு.

ஸ்பேனர்: போட்டாரா?

மகன்: அளவெடுத்துட்டாரு. அம்மாதான் தடுத்தாங்க.

ஸ்பேனர்: உனக்குக் கிண்டல் பயம் இல்ல. நெசத்தச் சொல்லு.

மகன்: ...வேண்டாம்னு சொல்லிட்டா? ஒரு தடவ சொல்லிட்டாருன்னா அப்புறம் என்ன பண்றது? சொல்லாத வரைக்கும் அவரு வேண்டாம்னு சொல்லலல்ல?

ஸ்பேனர்: சொல்லாத வரைக்கும் சரின்னும் சொல்லலடா. இங்க பாரு. இன்னிக்கு இந்த லைட்டு எரியறதுக்குள்ள நீ உங்கப்பாகிட்டச் சொல்லணும். எரிஞ்சதுக்கப்புறம் நான் பையத் தூக்கிட்டுக் கிளம்பிடுவேன். திரும்பி வர மாட்டேன். உன் பைக்க நீ வேற எங்கயாவது விட்டுக்கோ.

மகன்: விளையாடாத.

ஸ்பேனர்: நட்டு முறுக்கறப்ப நான் என்னிக்காவது விளையாடி இருக்கேனா?

மகன்: லைட்டு எரிய எவ்ளோ நேரமாகும்?

ஸ்பேனர்: நீ டார்ச்ச ஒழுங்காப் பிடிச்சா சீக்கிரம் ஆகும்.

மகன்: அப்ப ஒழுங்காப் பிடிக்காம இருக்கறதுதான் நல்லது.

ஸ்பேனர்: டேய்!

அப்பா: டீ! டீ! வழி விடுங்க, சூடு. என்ன, ரெண்டு பேரும் அந்தக் கோடிக்கும் இந்தக் கோடிக்கும் நிக்கறீங்க? டார்ச்சுக்கும் லைட்டுக்கும் ஏதாவது சண்டையா?

மகன்: இல்லப்பா, இடம்... இடம் வேணும்னாங்க.

ஸ்பேனர்: குடுங்க சார், நான் எடுத்துத் தரேன். இது எனக்கு, இது இவருக்கு... இந்தச் சர்க்கரை போடாதது உங்களுக்கு.

அப்பா: எனக்குச் சர்க்கரை கிடையாதுன்னு உங்களுக்கு எப்படித் தெரியும்?

ஸ்பேனர்: ...கலர் சார்.

அப்பா: சர்க்கரை போடாத டீக்குத் தனிக் கலரா?

ஸ்பேனர்: ஒர்க் ஷாப்புல நாள் முழுக்க டீதான் சார். பாத்தாலே தெரிஞ்சுடும்.

அப்பா: பெரிய வித்தைதான். எங்க வீட்ல இத்தனை வருஷமா இவங்கம்மா ருசி பாத்துட்டுத்தான் குடுக்கறா.

ஸ்பேனர்: பழைய லைட்டு வெளிய வந்துடுச்சு சார். அந்த டிரேல வெச்சுடுங்க... டேய் ஊமை, புதுச இந்தப் பக்கம் தூக்கிப் பிடி.

அப்பா: டேயா?

ஸ்பேனர்: ஒர்க் ஷாப் பழக்கம் சார். கையில ஸ்பேனர் இருந்தா எல்லாரும் டேய்தான்.

அப்பா: முதலாளியக்கூடவா?

ஸ்பேனர்: முதலாளியத்தான் சார் மொதல்ல.

அப்பா: அதுவும் ஊமைன்னு சரியாப் பிடிச்சீங்க பாருங்க. பொறந்து வாய் திறக்கவே எங்கள அலைய விட்டவன். பக்கத்து வீட்டுப் புள்ளைங்க எல்லாம் அம்மா அப்பான்னுது, இவன் முழிச்சுட்டே உக்காந்திருந்தான். கடைசில மொதல் வார்த்தை என்ன தெரியுமா?

மகன்: அப்பா, அது இப்ப எதுக்கு?

அப்பா: "அப்புறம்." ஒரு குழந்தை பேசற மொதல் வார்த்தையாம்மா அது? எதச் சொன்னாலும் அப்புறம்... இன்னிவரைக்கும் அப்படித்தான்.

ஸ்பேனர்: நல்லாத் தெரியுது சார். ...என்ன சத்தம் அது?

மகன்: ஸ்குரூ.

ஸ்பேனர்: எங்க?

மகன்: கையில இருந்துச்சு... இப்ப உள்ள எங்கயோ இருக்கு.

ஸ்பேனர்: எந்த ஸ்குரூ? நீளமா இருந்ததா? ...கடவுளே. அந்தக் காந்தக் குச்சிய எடு. அது இல்ல, அது என் சீப்பு. ஆங், இது... வா வா வா... வந்துடுச்சு. சார், இவருக்கு நீங்க வேற ஏதாவது வேலை குடுங்களேன், ப்ளீஸ்.

அப்பா: நானும் அதத்தான் தேடிட்டிருக்கேன். ஏம்மா, வீட்ல யாரு யாரு?

ஸ்பேனர்: அப்பா, அம்மா, ஒரு தங்கச்சி. அப்பா தையல் மெஷின் ரிப்பேர் பண்றாரு. சின்ன வயசுல எனக்குப் பொம்மை எல்லாம் கிடையாது சார், நட்டும் போல்ட்டும்தான். தூங்கறப்பவும் பக்கத்துல ஒரு வீல் வெச்சுக்கிட்டுத்தான் தூங்குவேனாம்.

அப்பா: இந்த வேலைக்குப் போறேன்னதும் ஒத்துக்கிட்டாங்களா?

ஸ்பேனர்: அம்மாதான் ஒரு வாரம் அழுதாங்க. கை பூரா கிரீசா இருந்தா எவன்டி உன்னக் கட்டுவான்னு.

அப்பா: நீங்க என்ன சொன்னீங்க?

ஸ்பேனர்: கை கழுவறதுக்குச் சோப்பு எடுத்துக் குடுக்கறவன் கட்டுவான்னேன்.

அப்பா: சபாஷ். டேய், சோப்பு எங்க இருக்குன்னு உனக்குத் தெரியுமில்ல?

மகன்: அப்பா?!

அப்பா: அவங்களுக்குக் கை பூரா கறுப்பா இருக்கேன்னு கேட்டேன்டா. உனக்கு ஏன் தூக்கிவாரிப் போடுது? ...இரு, போன். உங்கம்மா. ஹலோ... பஸ் ஏறிட்டியா? ஜன்னல் சீட்டா? நல்லது... ஆங், வந்திருக்கு. ஆமா, நல்லாத்தான் இருக்கு. ரொம்ப நல்லா இருக்கு... இல்ல, இன்னும் இல்ல. வாயே திறக்கல... எனக்கென்ன தெரியும்? நீ பெத்ததுதானே... சரி சரி, ஸ்டாப்புல நில்லு, வந்துடறோம்.

மகன்: என்ன வந்திருக்கான்னு கேட்டாங்கப்பா?

அப்பா: லைட்டு செட்டு.

மகன்: அது போன வாரமே வந்துடுச்சே. அம்மாதானே கையெழுத்துப் போட்டு வாங்கினாங்க?

அப்பா: இன்னும் இருக்கான்னு கேட்டா.

மகன்: வாய் திறக்கலன்னு சொன்னீங்க?

அப்பா: பானெட்டுக்கும் வாய்னுதான்டா சொல்வாங்க. நீ டார்ச்சப் பிடி. ஏம்மா, வெளிச்சம் மங்கிட்டே வருது. அவ இறங்கற ஸ்டாப்புக்குப் போற ரோட்டுல ஒரு விளக்குகூடக் கிடையாது. லைட்டு இல்லாம வண்டிய எடுக்க முடியாது. முடிஞ்சுடுமா?

ஸ்பேனர்: முடிஞ்சுது சார். பாத்துக்கோங்க, பேட்டரிலேர்ந்து தனி ஒயர் இழுத்திருக்கேன். பழைய ஒயர் மேல பாரமே விழாது. பின்னாடி இருக்கற மூடியில ஓட்டை போட்டு ரப்பர் வெச்சுட்டேன், தண்ணி போகாது. எல்லாம் ரெடி.

மகன்: எல்லாமேவா?

ஸ்பேனர்: எல்லாமே. ஸ்விட்சுதான் பாக்கி. ...யாராவது ஏதாவது சொல்றதுன்னா இப்பச் சொல்லலாம்.

அப்பா: எனக்கு ஒண்ணும் இல்லம்மா. உனக்கு ஏதாவது இருக்காடா?

மகன்: இல்ல... வந்து... இல்ல.

ஸ்பேனர்: அப்படியா. சரி சார், போடுங்க ஸ்விட்ச.

அப்பா: இந்தா... போட்டாச்சு.

மகன்: எரியல!

ஸ்பேனர்: எரியலையா? அடடே.

மகன்: எரியலப்பா! எரியவே இல்ல! ரெண்டுமே எரியல!

அப்பா: அதுக்கு ஏன்டா இப்படிக் குதிக்கற? ஏம்மா, ஏன் எரியல? பேட்டரிலேர்ந்து நேரா வேற ஒயர் இழுத்தீங்களே?

ஸ்பேனர்: கரண்டு நேராத்தான் வரும் சார். ஆனா ஸ்விட்சு போட்டாச்சுங்கற தகவல் மட்டும் பழைய வழியாத்தான் வரணும். அந்த வழியில எங்கயோ அறுந்து கிடக்கு.

அப்பா: பழைய வழியாவா? புதுசு போட்டா பழசு எதுவும் தேவைப்படாதுன்னு நெனச்சேனே... அடக் கடவுளே.

ஸ்பேனர்: ஏன் சார்?

அப்பா: ஒண்ணும் இல்ல. நீங்க ரெண்டு பேரும் உள்ள போய் கை கழுவிட்டு வாங்களேன். அதுக்குள்ள நான் வண்டிய ஒரு பார்வை பாத்துடறேன்.

ஸ்பேனர்: நீங்க என்ன சார் பாப்பீங்க?

அப்பா: சும்மா... மேலோட்டமா.

ஸ்பேனர்: இருக்கட்டும் சார். வேலைய முடிக்காம கை கழுவற பழக்கம் இல்ல.

அப்பா: பிஸ்கட்டு இருக்கு உள்ள. நல்ல பிஸ்கட்டு.

ஸ்பேனர்: வேண்டாம் சார். ...உங்க சட்டப் பையில என்ன கலகலங்குது?

அப்பா: இதுவா? கண்ணாடிக் கூடு.

ஸ்பேனர்: கண்ணாடி உங்க மூக்குல இருக்கே.

அப்பா: அதோட ஸ்குரூம்மா. கழண்டு விழுந்துடுச்சு.

ஸ்பேனர்: ஓஹோ. சரி, நான் ஒவ்வொரு ஒயரா மறுபடியும் பாக்கறேன். கொஞ்சம் நேரம் ஆகும். அதுவரைக்கும் அப்பாவும் புள்ளையும் ஏதாவது பேசிட்டு இருங்க. எதையாவது.

மகன்: ...அப்பா.

அப்பா: சொல்லு.

மகன்: உங்ககிட்ட ஒண்ணு சொல்லணும்.

அப்பா: சொல்லு சொல்லு.

மகன்: வந்து... இந்த டயர்ல...

அப்பா: டயர்ல?

மகன்: காத்து கம்மியா இருக்கு.

ஸ்பேனர்: டயர்ல காத்து சரியாத்தான் இருக்கு சார். வேற ஒருத்தருக்குத்தான் இறங்கிப் போச்சு.

மகன்: அது இல்லப்பா. அதாவது... இப்ப உங்களுக்கு ஒரு பொண்ணு வந்தா...

அப்பா: எனக்கா? இந்த வயசுலயா? உங்கம்மா பஸ்ல வந்துட்டிருக்காடா, ஆள விடு.

மகன்: அய்யோ அப்பா!

ஸ்பேனர்: சார், ஒயரெல்லாம் பாத்துட்டேன். எல்லாம் சரியாத்தான் இருக்கு. எங்க விட்டுப்போச்சுன்னு தெரியும், ஆனா அத நான் சரி பண்ண முடியாது. நான் கிளம்பறேன். டேய், அந்தப் பைய நகத்து.

மகன்: கிளம்பறியா? லைட்டு எரிஞ்சாத்தானே கிளம்பறேன்ன?

ஸ்பேனர்: இது எரியும்னு எனக்கு நம்பிக்கை போச்சு.

அப்பா: அய்யய்யோ, போகாதீங்கம்மா, ஒரு நிமிஷம்... டேய், பாத்துட்டு நிக்கறியே!

மகன்: அவ போகக் கூடாதுப்பா!

அப்பா: லைட்டு எரியல, அதனாலயா?

மகன்: லைட்டு எரியாட்டிப் போகட்டும்! நான் வண்டிக்கு முன்னாடி டார்ச்சப் பிடிச்சுக்கிட்டு ஓடறேன், நீங்க ஓட்டுங்க, போய் அம்மாவக் கூட்டிட்டு வரலாம்...

அப்பா: நீ பிடிச்சா வண்டி வாய்க்கால்ல இறங்கும்.

மகன்: சிரிக்காதீங்கப்பா! ஒரு தடவ, ஒரே ஒரு தடவ சிரிக்காம கேளுங்க. என் பைக்குல செயினும் லூசு இல்ல, பிரேக்கும் போகல. சனிக்கிழமை ஆனா நானே ஒரு நட்டக் கழட்டிப் பையில போட்டுக்கிட்டு ஒர்க் ஷாப்புக்குப் போவேன். அவளுக்கும் அது தெரியும். தெரிஞ்சே ஒண்ணும் சொல்லாம கைய நீட்டுவா. நான் நட்டக் குடுப்பேன், மாட்டித் தருவா. அவளத்தான் நான் கட்டிக்கணும். அவங்க வீட்ல சரின்னுட்டாங்க. நீங்க வேண்டாம்னா... வேண்டாம்னு சொல்லாதீங்கப்பா. கிண்டல் வேணா பண்ணுங்க. ஆயுசுக்கும் பண்ணுங்க. ஃபிரேம் போட்டு மாட்டுங்க. வேண்டாம்னு மட்டும் சொல்லாதீங்க.

அப்பா: ...முடிஞ்சுதா?

மகன்: முடிஞ்சுது.

அப்பா: மூச்சு விடு. டார்ச்ச அணை, என் கண்ணுல அடிக்கற. ஏம்மா, இவன் சொல்றது நெசமா?

ஸ்பேனர்: நெசம்தான் சார்.

அப்பா: இவன்கிட்ட அப்படி என்னம்மா பாத்த? ஒரு ஸ்குரூவக் கையில வெச்சுக்கத் தெரியல.

ஸ்பேனர்: ஒர்க் ஷாப்புக்கு யார் வந்தாலும் என்னத் தாண்டிப் போய் "மெக்கானிக் எங்க"ன்னுதான் சார் கேப்பாங்க. இவன் ஒருத்தன்தான் நேரா என்கிட்ட வந்தான். வந்து, "அக்கா, வண்டி இழுக்குது"ன்னான்.

அப்பா: அக்காவா?

ஸ்பேனர்: ஒரு மாசம் அக்கான்னுதான் கூப்பிட்டான் சார்.

மகன்: அது மரியாதைப்பா!

ஸ்பேனர்: வேலை முடியற வரைக்கும் பக்கத்துல நின்னு பாத்துட்டிருப்பான். நடுவுல போன் நோண்ட மாட்டான். முடிஞ்சதும் சோப்பு எங்கன்னு தேடி எடுத்துட்டு வந்து நிப்பான். நான் கேக்கவே இல்ல சார். அவனா எடுத்துட்டு வருவான்.

அப்பா: ம்... உங்கப்பா நம்பரக் குடு.

ஸ்பேனர்: எதுக்கு சார்?

அப்பா: ஒரு மனுஷன் எத்தனை நாளைக்குத்தான் போன ஜன்னல்ல வெச்சுக்கிட்டுக் குளிப்பாரு? சோப்புத் தண்ணி பட்டா வீணாப் போயிடும்.

மகன்: அப்பா! ஒட்டுக் கேட்டீங்களா?

அப்பா: சமையக்கட்டு லைட்டப் போட்டுட்டு இந்தக் கதவுக்குப் பின்னாடிதான் நின்னுட்டிருந்தேன். டீ பொங்கி வழிஞ்சதே அதனாலதான். நம்பரச் சொல்லும்மா... ம்... ம்... போகுது. எடுத்துட்டாரு! பாதி ரிங்லயே எடுத்துட்டாரு! ஹலோ, வணக்கம் சம்பந்தி... இல்லீங்க, சிலிண்டர் இல்லீங்க. இந்தத் தடவ சரியான நம்பர்தான். பையனோட அப்பா பேசறேன்... ஆமா, ஆமா... உங்க பொண்ணு இங்கதான் இருக்கா, என் வண்டியப் பிரிச்சுப் போட்டுட்டு நிக்கறா. ஹலோ? ஹலோ? ...அழுவறாரும்மா. இல்ல, சிரிக்கறாரு. ரெண்டும் சேந்து வருது. ஞாயித்துக்கிழமை வரோம்னு சொல்லட்டுமா?

ஸ்பேனர்: சொல்லுங்க மா... சொல்லுங்க சார்.

அப்பா: என்னது சாரா?

ஸ்பேனர்: சொல்லுங்க மாமா.

அப்பா: கேட்டீங்களா சம்பந்தி? மாமாங்கறா. சரி, வைக்கறேன். குளிச்சு முடிங்க.

மகன்: அப்பா சரின்னுட்டாரு! நெசமாவே சரின்னுட்டாரு!

ஸ்பேனர்: குதிச்சது போதும், தள்ளி நில்லு. லைட்டு மேல சாயாத! மாமா, ஒரு சின்ன வேலை பாக்கி இருக்கு... ஆங், முடிஞ்சுது. இப்பப் போடுங்க ஸ்விட்ச.

அப்பா: இப்ப மட்டும் எப்படி எரியும்? பழைய வழிதான் அறுந்து... அடேங்கப்பா!

மகன்: ஏய்! ஏய்! சுவத்தப் பாரு! கத்தியால வெட்டின மாதிரி கோடு!

ஸ்பேனர்: டேப்புக்குக் கீழயே நிக்குது பாத்தியா? இடது பக்கம் மட்டும் ஒரு விரல் அளவு மேல இருக்கு. இரு, திருகறேன்... போதுமா?

அப்பா: போதும் போதும். யப்பா, எதிர் வீட்டுப் பூனை என்னமா பளபளங்குது. அது கறுப்புன்னுல்ல நெனச்சிட்டிருந்தேன்!

மகன்: அப்பா, நேரமாச்சு. அம்மா இறங்கியிருப்பாங்க.

அப்பா: ஏறுங்க, ஏறுங்க. நீ ஓட்டுடா. நீ முன்னாடி உக்காரும்மா, நான் பின்னாடி உக்காந்துக்கறேன். ஏம்மா, கை கழுவணும்ல நீ?

மகன்: சோப்பு என் பையில இருக்குப்பா. தண்ணி பாட்டிலும் இருக்கு.

அப்பா: ம்... பொழச்சுக்குவ.

மகன்: ஆனா ஸ்டாப்பு இருட்டுல இந்த லைட்டப் பாத்தா அம்மாவுக்கு நம்ம வண்டின்னே தெரியாது. ஒதுங்கி நின்னுடுவாங்க. ஹாரன் அடிச்சாத்தான் உண்டு, அதுவும் தொண்டை கட்டிக் கிடக்கு.

ஸ்பேனர்: அதுக்கென்ன? மாமா, அந்தக் கண்ணாடிக் கூட்டத் திறங்க. உள்ள இருக்கற ஹாரன் ஃபியூஸ எடுத்துக் குடுங்க.

மகன்: ஃபியூஸா? அது எப்படி அப்பாவோட கண்ணாடிக் கூட்டுல...?

ஸ்பேனர்: பழைய பல்பு ரெண்டும் நல்லாத்தான்டா இருக்கு. வந்த உடனே கறுப்பு டப்பாவத் திறந்தேனே, ரெண்டு ஃபியூஸ் இருக்கற இடம் காலி. துடைச்ச மாதிரி காலி. லைட்டுக்கு என் பையிலேர்ந்து ஒண்ணு எடுத்து அப்பவே போட்டிருப்பேன். நீ வாயத் திறக்கட்டும்னுதான் இவ்ளோ நேரம் போடாம இருந்தேன்.

மகன்: அப்பா!

அப்பா: என்னடா அப்பா? நீ நட்டக் கழட்டிட்டுப் போய் இவளப் பாத்த. வாராவாரம் பைக்கு சர்வீஸுன்னப்பவே உங்கம்மாவுக்கும் எனக்கும் விஷயம் தெரிஞ்சுபோச்சு. நான் ஃபியூஸக் கழட்டி இவள வீட்டுக்கு வர வெச்சேன். உன்னோட அப்புறத்துக்கெல்லாம் காத்திருந்தா எனக்குக் கண்ணாடி பவர் ஏறிடும்.

ஸ்பேனர்: அது சரி மாமா, லைட்டப் பிடுங்கினீங்க, புரியுது. ஹாரன் உங்கள என்ன பண்ணுச்சு?

அப்பா: ...அத உங்கத்தைகிட்டதான் கேக்கணும். மூடி மேல போட்டிருந்த ஹாரன் படம் டார்ச்சு மாதிரி இருந்துச்சு. "இதுதாங்க லைட்டு, பிடுங்குங்க"ன்னா, பிடுங்கிட்டேன். டார்ச்சு அவ கையிலதானே இருந்துச்சு!